பதம் பார்க்கும் விரல்

விரல் வாணலிக்குள் போகும், வாய்க்குப் போகும். "இன்னும் செத்த நேரம்" என்பார் சுயம்புலிங்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிய பால்கோவாவில் பாதியைத் தின்றவள் நான். சரி, ஊர் முழுக்க இல்லை, இந்த ஒரு கடையில். அதுவும் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் இவரைப் போலப் பதம் சொல்ல ஆளில்லை என்பதில் இம்மியும் மிகையில்லை.

ஐம்பத்திரண்டு வயது. அடுப்படியில் முப்பது வருடம். பொங்கும் பாலை "ஏட்டி, அடங்கு" என்று அதட்டுவார், அடங்கும். இப்போது கொஞ்ச நாளாகக் கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது. செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம்.

போன வாரம் ராஜபாளையத்தில் நாஜியா டாக்டரைப் பார்க்க அவரும் மனைவி பெத்தம்மாளும் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு முன் ஒன்றரையில் இருந்த கிரியேட்டினின், அதாவது கிட்னியின் பழுதைக் காட்டும் அளவு, இரண்டைத் தாண்டியிருந்தது. கொழுப்பும் இறங்கவில்லை.

"கொழுப்பு மாத்திரை போடுறீங்களா?"

"கிட்னி மாத்திரை ஒண்ணு விடாமப் போடுதேன். கொழுப்பு மாத்திரை நெஞ்சுவலிக்காரவியளுக்கு உள்ளதுல்லா? எனக்குத்தான் நெஞ்சே வலிக்கலையே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கிட்னிக்குள்ளயும் ரத்தக்குழாய்தாண்ணே ஓடுது. கொழுப்பு கூடுனா அதுவும் பாழாகும். ஏற்கெனவே நொந்த கிட்னி சீக்கிரமாக் கெட்டுப்போகலாம். இதே வேகத்துல போனா டயாலிசிஸ்தான். பால்கோவா திங்கிறீங்களா?"

"ஒரு துண்டு தின்னதில்ல, சத்தியமா."

"துண்டு திங்கமாட்டாவ," என்றாள் பெத்தம்மாள். "வாணலிக்கு நாலு தடவை விரல் போகும். ஒரு நாளைக்குப் பன்னெண்டு வாணலி."

"அது திங்கிறதாட்டி? பதம் பாக்கது!"

டாக்டர் சிரிக்கவில்லை. "வயித்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மூணு மாசம் கழிச்சு ரத்தம் பார்ப்போம்."

பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது என்னிடம் கேட்டார்: "நாக்குல வைக்காம எப்படி ஆச்சி இறக்க?"

இன்று காலை முதல் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். கொழுப்பு மாத்திரை என் கண்முன்னே உள்ளே போனது. பிறகு வாணலி. ஓரம் சுருண்டதும் விரல் தானாகக் கிளம்பியது. பாதி வழியில் நின்றது. ஒரு சிட்டிகையை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். நெற்றியில் வேர்வை. கரண்டியை மனைவி பக்கம் நீட்டி, "நீ பாரு" என்றார். அவள் தலையாட்டிய பிறகே இறக்கினார். அடுத்த வாணலிக்கும் அப்படியே.

"டாக்டரிடம் சொல்ல எழுதிக்கொள்ளப் போகிறேன்," என்றேன். "ஆறு வாணலி இறக்கியாயிற்று. விரல் ஒரு தடவைகூட வாய்க்குப் போகவில்லை."

பெத்தம்மாள் அவர் வலது கையைப் பிடித்து என் முகத்துக்கு நேரே விரித்தாள். மற்ற நான்கு விரலிலும் பால் காய்ந்து வெள்ளை கட்டியிருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஆறாவது வாணலி, ஆச்சி. நீங்க தெருவப் பாத்தீய."

சுயம்புலிங்கம் அந்த விரலை மெதுவாக மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார்.