மரத்த நாக்கும் எரிந்த விரலும்

தானியேலாவுக்கு ஒரே பெருமை அவன் நாக்கு. எங்கள் தீவில் எந்த விருந்தானாலும் கொகொண்டா என்ற மீன் பதார்த்தம் அவன் பொறுப்புதான். எலுமிச்சையில் ஊறிய பச்சை மீனில் சேர்க்கும் தேங்காய்ப்பாலுக்கு உப்புப் போதுமா என்று ஒரே சொட்டில் சொல்லிவிடுவான். வேறு யாராவது ருசி பார்க்க வந்தால் கரண்டியாலேயே விரட்டுவான்.

அன்று அவன் மகள் வினியானாவுக்குக் கல்யாணம். மறுநாள் அவள் கண்டாவுத் தீவுக்குப் படகேறுகிறாள். "அப்பா, உங்க கையால கொகொண்டா சாப்பிட்டுட்டுத்தான் போவேன்" என்று சொல்லியிருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

காலையிலேயே மாப்பிள்ளை வீட்டார் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். சம்பந்தி நீட்டும் சிரட்டையைப் பெண்ணின் அப்பா மறுக்க முடியுமா? சம்பிரதாயப்படி கைதட்டிக் கைதட்டிப் பதினோரு சிரட்டை குடித்தான். நானும் நாலு குடித்தேன். ஊர் நர்ஸ் என்றால் மட்டும் விட்டுவிடுவார்களா?

பிறகு சமையல் கொட்டகைக்கு வந்து, உப்புப் போட்ட தேங்காய்ப்பாலை நாக்கில் விட்டவனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"சிஸ்டர், ஒண்ணுமே தெரியலயே! நாக்க எங்கயாவது போட்டுட்டு வந்துட்டேனா?"

"யங்கோனா குடிச்சா அப்படித்தான், நாக்கு நரம்பு மரத்துப் போச்சு, தானியேலா. உப்பு வாசல்ல நிக்குது, மூளைக்குச் சேதி சொல்ல ஆளில்ல. கொஞ்ச நேரம் பொறு."

"பந்தி உக்காந்தாச்சே!"

அவன் மனைவி லூசியானா கரண்டியோடு வந்தாள். "நான் பாக்கறேன், குடு."

"நீயா? ரத்த அழுத்தம்னு சிஸ்டர் உப்பக் கொறச்சதுலேர்ந்து உனக்குப் பச்சத்தண்ணியே கரிக்குது!"

தன் கையைப் பார்த்தான். விரலில் விடியற்காலையில் மீன் செதில் கிழித்த கீறல். சட்டென்று ஒரு கரண்டிப் பாலை அதன்மேல் ஊற்றிக்கொண்டான்.

"அந்த விரல் சட்டிக்குள்ள போச்சுன்னா ஊசியோட வருவேன்!" என்று கத்தினேன்.

"எரியல. உப்புப் பத்தல." ஒரு கை உப்பு அள்ளிப் போட்டான். மறுபடியும் ஊற்றினான். "கடல்தண்ணி எப்படி எரியும்னு இந்தக் கைக்குத் தெரியும். அதுல கால்வாசி எரிஞ்சாப் போதும்." இன்னொரு சிட்டிகை. "ஸ்ஸ்... இப்பச் சரி!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

வலித்ததற்கு இப்படிச் சிரித்த ஆளை என் முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஆகா ஓகோ என்றார்கள். மரத்த நாக்கின் பாராட்டை யார் நம்புவது? பந்தியில் யங்கோனாவைத் தொடாதவள் கல்யாணப்பெண்தான். தானியேலா அவள் எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தான். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"கரிக்குதா?" என்று பதறினான்.

"இல்லப்பா. உங்க கொகொண்டாவேதான்." கிண்ணத்தை வழித்துவிட்டு நீட்டினாள். "இன்னும் ஊத்துங்க. நாளைக்குக் கேக்க முடியாது."

அவன் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.