பச்சைக் காரில் ஒரு வட்டம்

எங்கள் பச்சைக் காரின் பானெட்டில், டிரைவர் உட்காரும் பக்கமாக, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மங்கிய வட்டம் ஒன்று இருக்கிறது. கார் ஈரமாக இருக்கும்போது அது கண்ணில் படாது. கழுவித் துடைத்து, வெயில் பட்டுக் காய்ந்த பிறகுதான் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். புதிதாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தூசி என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்ப்பார்கள். போகாது என்று தெரிந்ததும் நிமிர்ந்து எங்களைப் பார்ப்பார்கள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

கார் என் சித்தப்பாவுடையது. குமுளிக்கு அருகே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில், பறித்து வந்த காயை உலர்த்தும் ஸ்டோர் அவர் பொறுப்பில் இருந்தது. சூடு ஒரு பிடி கூடினால் காய் பழுப்பாகிவிடும், குறைந்தால் பச்சை நிற்காது. இருபது வருஷம் அந்தப் பச்சையைக் காவல் காத்ததாலோ என்னவோ, நிறம் என்று வந்துவிட்டால் மனிதர் யாரையும் விட்டுவைக்க மாட்டார். நான் புதுச் சேலை எடுத்து வந்தால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "ரெண்டு துவைப்பு தாங்காது" என்று சொல்லி என் முகத்தைச் சுருங்க வைப்பார். எஸ்டேட்டை விட்டுப் போன ஒரு மேனேஜரிடமிருந்து அந்தப் பழைய காரை அவர் வாங்கியதுகூட அது நல்ல ஏலக்காய்ப் பச்சையில் இருந்ததால்தான். என்ஜின் எப்படி என்று யாரோ கேட்டதற்கு, "ஓடும்னுதான் சொன்னாங்க" என்றாராம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போனாள். நாங்கள் இருவரும் சித்தப்பா வீட்டிலேயே இருந்தோம். சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "கார் இருக்குல்லா" என்பார்.

காரைக் கழுவ அவர் வைத்திருந்த முறை ஊருக்கே தெரியும். இரண்டு பக்கெட். நீலத்தில் சோப்புத் தண்ணீர், சிவப்பில் நல்ல தண்ணீர். மேலிருந்து கீழே வரவேண்டும்: கூரை, கண்ணாடி, பானெட், கதவுகள், கடைசியில் சக்கரம். சக்கரத்துக்குப் போன துணி மறுபடி மேலே வரக்கூடாது. சோப்புக்கென்று அவர் கடைக்குப் போனதே இல்லை. வீட்டில் குளிக்கிற சோப்பு தேய்ந்து ஒரு விரல் அளவுக்கு வந்துவிட்டால், அதை அவருடைய தகரடப்பாவில் ஒப்படைத்துவிட வேண்டும். கடைசிவரை தேய்த்துத் தீர்க்க யாருக்கும் உரிமை கிடையாது. அந்தத் துண்டுகளை வெந்நீரில் கரைத்து ஊற்றுவார். அம்மாவின் சந்தனம், என்னுடைய எலுமிச்சை, அவருடைய வேப்பிலை எல்லாம் கலந்த ஒரு வாசனையில் கார் சனிக்கிழமைதோறும் குளித்தது.

எங்கள் பக்கத்தில் அப்போது கல்யாணத்துக்குக் கார் கிடைப்பது அரிது. ஜீப்புக்குத்தான் பூச் சுற்றிப் போவார்கள். சித்தப்பா யார் கேட்டாலும் காரைக் கொடுப்பார், பெட்ரோலைத் தவிர எதுவும் வாங்க மாட்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, மாப்பிள்ளை வந்து தன் கையாலேயே காரைக் கழுவ வேண்டும். சித்தப்பா பலா மரத்தடியில் முக்காலி போட்டு, பால் விடாத கட்டன் காப்பி ஒரு தம்ளரோடு உட்கார்ந்துவிடுவார். வாயே திறக்க மாட்டார். மாப்பிள்ளை குனிகிறானா, துணியைப் பிழிகிறானா, அழுக்குத் தண்ணீரை மாற்றுகிறானா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பெண் வீட்டார் நின்றுகொண்டிருந்த பக்கத்தை மட்டும் பளபளவென்று கழுவிவிட்டு மறுபக்கம் தண்ணீரைத் தெளித்த ஒருவரைப் பற்றி நாங்கள் வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறோம். தம்பியைக் கழுவச் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற இன்னொருவர் கடைசியில் ஜீப்பில்தான் கோயிலுக்குப் போனார்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கே ஒரு நாள் அந்த முறை வந்தது.

நான் குமுளியில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கம்பத்திலிருந்து காலை பஸ்ஸில் பன் கொண்டுவந்து இறக்குகிற பேக்கரிக்காரர் எங்கள் பள்ளிக்கும் ஒரு கூடை தருவார். பிள்ளைகளை எண்ணி வைத்துக்கொண்டு, எப்போதும் ஒன்று கூடுதலாக வைப்பார். அந்த ஒன்று யாருக்கு என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. அவர் ஆர்.சி. கத்தோலிக்கர், நாங்கள் புரொட்டஸ்டண்ட். அது ஒன்று போதும், வீட்டில் ஒரு மாதம் யாரும் சரியாகச் சாப்பிடாமல் இருக்க. அம்மா முதலில் இறங்கி வந்தாள். சித்தப்பா "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை, "சரி" என்றும் சொல்லவில்லை. தேதி குறித்தோம், பத்திரிகை அடித்தோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், அவ்வளவுதான். அப்பா இல்லாத என்னைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போகவேண்டியவர் அவர். கல்யாண வாரத்தில் அம்மா துணிந்து கேட்டாள்.

"மொதல்ல அவரு வந்து காரைக் கழுவட்டும். அப்புறம் நான் கோயிலுக்கு வாரனா இல்லியான்னு சொல்லுதேன்" என்றார் சித்தப்பா.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பேக்கரிக்காரர் கையில் மாவைத் தவிர வேறெதுவும் ஒட்டி நான் பார்த்ததில்லை. கார் கதவைத் திறக்கவே தடுமாறுகிறவர். போதாக்குறைக்கு, கார் நின்ற இடத்துக்கு மேலே பலாக்காயை யாரோ அறுத்திருந்தார்கள். காம்பிலிருந்து வடிந்த பால் பானெட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்து, பிசினாக இறுகிக் கருத்துப்போயிருந்தது. சோப்புத் தண்ணீருக்கு அது அசையாது. பாவம், மனிதர் தேய்த்துத் தேய்த்துத் தோற்கப்போகிறார், சித்தப்பா காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போகப்போகிறார் என்று என் மனம் முன்கூட்டியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

கார் கழுவும் நாள் விடிகிற நேரத்தில், பனி விலகுவதற்கு முன்பே, நான் எழுந்து பின்வாசல் வழியாகப் போனேன். ஏலக்காய் பறிக்கிற கையில் ஒரு கறை ஏறும். அம்மா சாயங்காலம் வந்ததும் அடுப்புச் சாம்பலையும் தேங்காய் நாரையும் வைத்துத்தான் அதைத் தேய்த்து எடுப்பாள். எந்தக் கறையும் சாம்பலுக்குப் பணியும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு கை சாம்பல், ஒரு பிடி நார், கொஞ்சம் தண்ணீர். உயிரைக் கொடுத்துத் தேய்த்தேன். பிசின் உதிர்ந்தது. தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், அந்த மங்கலான வெளிச்சத்தில் பானெட் கண்ணாடி மாதிரி மின்னியது. நாரை எங்கே போட்டேன் என்றுகூட நினைவில்லாத சந்தோஷத்தில் உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு அவர் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். சட்டையைக் கழற்றி மடித்து வேலியில் போட்டுவிட்டு, பனியனும் மடித்துக் கட்டின வேட்டியுமாக இறங்கினார். நானும் அம்மாவும் சமையலறை ஜன்னலில் நின்றோம். சும்மா சொல்லக்கூடாது, மாவு பிசைகிற கை நன்றாகவே வேலை செய்தது. துணியை ஒட்டப் பிழிந்தார். மூன்று தடவை தண்ணீர் மாற்றினார். சக்கரத்துக்கு வந்தபோது மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, உள்பக்கம் கையை விட்டுத் தேய்த்தார். சித்தப்பாவின் காப்பித் தம்ளர் பாதியிலேயே நின்றது. அது நல்ல அறிகுறி என்று எனக்குத் தெரியும். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்போது வெயில் வந்தது. துடைத்து முடித்த கார் காயக் காய, பானெட்டில் அந்த வட்டம் எழுந்து வந்தது. பச்சை மீது யாரோ மூச்சு விட்டது மாதிரி முதலில் ஒரு மங்கல். பிறகு தெளிவாக, கீறல் கீறலாக, சாம்பல் பூத்த ஒரு வட்டம். விடியற்காலையில் நான் தேய்த்த அதே இடம்.

சித்தப்பா எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"இது யாரு செஞ்ச வேல?"

மாப்பிள்ளை வட்டத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். குழாயடியில், சாம்பல் ஒட்டிய நார் உருண்டை அப்படியே கிடந்தது. தலையைத் தூக்கி ஜன்னலில் என்னைப் பார்த்தார். என் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். மிகவும் நிதானமாக, காலியாக இருந்த சிவப்புப் பக்கெட்டை எடுத்து, தண்ணீர் வடியட்டும் என்பதுபோல அந்த நாரின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"நான் செய்யல மாமா."

"அப்ப காரு தானா தேஞ்சிட்டாக்கும்."

"இல்ல மாமா. யாரோ தேச்சதுதான்."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியும் மாமா."

"யாரு?"

"அத நான் சொல்ல மாட்டேன்."

சித்தப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டோரில் காயைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் பார்க்கும்போது அப்படித்தான் நிற்பார். பிறகு திரும்பி முக்காலியை எடுத்தார். அவர் முக்காலியை எடுத்துவிட்டால் தீர்ப்பு ஆகிவிட்டது என்று அர்த்தம். செய்யாத தப்புக்கு இவர் பொய்க்காரர் ஆகிவிட்டார், நாளைக்கு நான் கோயில் நடையில் தனியாக நடக்கப்போகிறேன் என்று தோன்றியதும் என் கால்கள் தாமாக வெளியே ஓடின.

"சித்தப்பா, நான்தான். பக்கெட்டத் தூக்கிப் பாருங்க."

அவர் தூக்கிப் பார்த்தார். நாரை எடுத்து முகர்ந்தும் பார்த்தார். "சாம்பலா?" என்றார். நான் தலையாட்டினேன். பலாப்பால், விடியற்காலை, என் பயம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அழுகை வந்துவிட்டது. சித்தப்பா ஜன்னலைப் பார்த்து, "மைனி, அந்தத் தேங்காண்ணெய்க் குப்பிய எடுத்துட்டு வாங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

பானெட்டின் மறு ஓரத்தில் நான் இருட்டில் கவனிக்காமல் விட்ட பலாப்பால் சொட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் இரண்டு துளி எண்ணெய் விட்டு, கொஞ்சம் பொறுத்து, வேட்டி நுனியால் ஒரே இழுப்பு இழுத்தார். சொட்டு போய்விட்டது. பச்சை அப்படியே இருந்தது. பலாப்பழம் உரிக்கிறபோது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளத் தெரியாத பிள்ளை எங்கள் மலையில் உண்டா. எத்தனை பழம் உரித்திருப்பேன் நான்.

"டீச்சர்" என்றார் சித்தப்பா. வேறு எந்த வசவும் தேவைப்படவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் அவள் சிரித்தாள், பிறகு மாப்பிள்ளை, கடைசியில் அழுகையோடு அழுகையாக நானும்.

சித்தப்பா முக்காலியைப் பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் சேந்து இன்னொருக்கா கழுவுங்க. எண்ணெப் பிசுக்கு இருக்கு. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும். நானும் நிப்பேன்" என்றார்.

மறுநாள் நின்றார். பூக்காரனிடம் சொல்லி, பூச்செண்டை பானெட்டின் நடுவில் வைக்காமல் சரியாக அந்த வட்டத்தின்மேல் கட்ட வைத்திருந்தார். கோயில் வாசலில் என் கையைப் பிடித்தபோது அவர் கையில் எலுமிச்சையும் சந்தனமும் வேப்பிலையும் கலந்த வாசனை வந்தது. அம்மாவிடம் பின்னால் சொன்னாராம், "பையன் பொய்யும் சொல்லல, இவளக் காட்டியும் குடுக்கல. நான் வேற என்னத்தப் பாக்கணும்?"

அதற்குப் பிறகு அவருடைய நிபந்தனை மாறியது. மாப்பிள்ளை மட்டும் கழுவினால் போதாது, பெண்ணும் வரவேண்டும் என்றார். பலருக்கு அது பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு முன் யாரும் தப்பாகப் பேசாமல் ஒரு மணிநேரம் சேர்ந்து நிற்க எங்கள் வாசலை விட்டால் வேறு இடம் இல்லை.

சித்தப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதே வீட்டில் நாங்கள் இருக்கிறோம். பேக்கரி எப்போதோ குமுளிக்கு ஏறி வந்துவிட்டது. இப்போது டவுனில் நுரையைப் பீய்ச்சி அடித்துக் கால்மணி நேரத்தில் காரைக் கழுவித் தருகிறார்கள். பேக்கரி வேனை அங்கேதான் விடுகிறோம். பச்சைக் காரை மட்டும் வீட்டில்தான் கழுவுகிறோம். அவர் போன பிறகு அதைப் பெயின்ட் அடிக்கக் கொண்டுபோனபோது, பட்டறைக்காரர் வட்டத்தைக் காட்டி, "போன தடவ அடிச்சப்பவே கேட்டேன் டீச்சர். இந்த எடத்த மட்டும் தொட்டுராதன்னு அவரு பக்கத்துலயே ஸ்டூல் போட்டு ஒக்காந்துட்டாரு" என்றார். அவர் அப்படிக் காவல் உட்கார்ந்தது எங்களுக்குத் தெரியாது. பெயின்ட் அடிக்காமலேயே காரைத் திருப்பிக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் நான் அழுதேன். இவர் கார் ஓட்டிக்கொண்டே என் கையில் ஒரு பன்னைக் கொடுத்தார்.

போன சனிக்கிழமை எங்கள் மகளும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற பையனும் காரைக் கழுவினார்கள். பையன் கொச்சியில் வேலை பார்க்கிறான். ஏதோ ஸ்பிரே, புசுபுசுவென்ற துணி எல்லாம் வாங்கி வந்திருந்தான். மகள் அவற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவன் கையில் நீலப் பக்கெட்டைக் கொடுத்தாள். நான் பலா மரத்தடியில் முக்காலி போட்டு, கட்டன் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மாதிரி வாயைத் திறக்கக்கூடாது என்று தீர்மானம். துணியைப் பிழிந்தான், தண்ணீர் மாற்றினான், சக்கரத்துக்குக் குனிந்தான். வெயில் வந்தது. வட்டமும் வந்தது. பையன் பதறிப்போய், தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்து, துணியால் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தான்.

"மாமா, இது நான் செய்யல. முன்னாடியே இருந்ததா? யார் செஞ்சது?"

குழாயடியில் நின்ற இவர், முப்பது வருஷத்துக்கு முன்பு வைத்திருந்த அதே நிதானத்தோடு, சிவப்புப் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"அத நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான்" என்று சொல்ல முக்காலியிலிருந்து எழுந்தேன்.