பென்சிலால் வெளுத்த முகம்

எங்கள் ஆலங்குடிப் பக்கத்தில் அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு நின்ற பெண்களில் ஒருத்திகூடக் கறுப்பு கிடையாது. எல்லோரும் மாநிறம். தரகர் அப்படித்தான் சொல்வார். கடலைக் கொல்லை வெயிலிலேயே வளர்ந்த என்னையும் மாநிறம் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி வந்த வீட்டார்கள் என்னைப் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

"ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார் தரகர்.

அது யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. பின்பக்கம் அடுப்பைக் கட்டிக்கொண்டு போகும் அந்த வண்டியில், முகமெல்லாம் பவுடரோடு, அம்மாவும் நானும் புதுக்கோட்டைக்குப் போய் இறங்கினோம். ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்ததும், "பஸ் கரி படிஞ்சிருக்கு. கொல்லையில தண்ணி இருக்கு, மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்றார். கழுவிவிட்டு வந்தேன்.

"இன்னும் கொஞ்சம் நல்லாக் கழுவுங்க."

"இதுக்கு மேல போகாதுங்க" என்றாள் அம்மா.

அவர் தன்மையான மனிதர். "கவலப்படாதீங்கம்மா. நெகட்டிவ்ல கறுப்பு பட்டா படத்துல வெளுப்பா விழும். லேசாப் பென்சில் போட்டா எலுமிச்சம்பழமாட்டம் வந்துரும்" என்றார்.

சொன்னபடியே வந்தது. படத்தில் என் சேலையைக் கட்டிக்கொண்டு, என் ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு, வெள்ளை வெளேரென்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. யாரு இது?" என்றார்.

அந்தப் படம் இலுப்பூருக்குப் போயிற்று. மாப்பிள்ளை அங்கே பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். பதிலுக்கு அவர் படமும் வந்தது. வெளுத்த முகம், சுருண்டு கிடக்கும் கறுப்பு முடி. இவரும் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பெண் பார்க்க அவரும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். நான் தலையைக் குனிந்தபடி காபியோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் வாசற்படியை எட்டிப் பார்த்தார்.

"பொண்ண வரச் சொல்லுங்க."

"இதுதாங்க பொண்ணு" என்றார் அப்பா.

அந்த அம்மாள் பையிலிருந்து என் படத்தை எடுத்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. மாடத்திலிருந்த மாப்பிள்ளை படத்தை எடுத்துவந்து அவர் முகத்தோடு ஒப்பிட்டார். அப்போதுதான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் என் நிறம்தான், ஒரு படி கூடுதலாகவும் இருக்கலாம். காதோரம் முடி நரைத்துக் கிடந்தது.

"பித்தநரைங்க. வயசு கொஞ்சந்தான்" என்றார் அவர் அம்மா அவசரமாக.

அப்பா படத்தைத் திருப்பினார். அவர்களும் திருப்பினார்கள். இரண்டின் முதுகிலும் ஒரே ஸ்டூடியோ முத்திரை.

"நல்ல வேலக்காரன்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அதற்கு மேல் யார் யாரைக் குற்றம் சொல்வது? ஆனாலும் அந்த அம்மாளுக்கு மனசு ஆறவில்லை. என் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்து, "முடி மட்டும் கருகருன்னு எம்புட்டு அழகு. நெறந்தான் இப்படிப் போச்சு" என்றார்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை, "ரெண்டும் ஒண்ணுதாம்மா. முடியக் கறுப்பாக்குற சாயந்தான் தோலையும் கறுப்பாக்குது. அதுக்கு மெலனின்னு பேரு" என்றார்.

"என்ன எழவோ. அத முடியோட நிக்கச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்கும் இடத்தில் பெண் சிரிக்கக் கூடாது. அம்மா முறைத்தாள். மாப்பிள்ளை மட்டும் கூடவே சிரித்தார். அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது.

நான் பிள்ளை உண்டானதும் அத்தை, அதாவது என் மாமியார், கடலோரத்துக் கோட்டைப்பட்டினத்தில் ஆள் பிடித்துக் குங்குமப்பூ வாங்கிவரச் செய்து, பாலில் போட்டுத் தினமும் எதிரிலேயே நின்று குடிக்கவைத்தார். "குடி, ஒன் பையன் தங்கமாட்டம் வருவான்." என் வீட்டுக்காரர், குங்குமப்பூ வயிற்றோடு சரி, பிள்ளையின் தோலுக்குப் போகாது என்று பாடம் எடுத்துப் பார்த்தார். "வாத்தியார் வேலய பள்ளிக்கூடத்துல வச்சிக்க" என்று அத்தை அடக்கிவிட்டார்.

பிறந்தவன், எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் குழைத்த மாதிரி நல்ல கறுப்பு. தலை நிறைய முடி. "ஒங்க பக்கத்து நெறம்" என்றார் அத்தை, மூக்கும் முழியும் நிறமும் தன்னைப்போலவே இருந்த பேரனை மடியில் போட்டுக்கொண்டு. கடலைமாவு, பாலாடை, பயத்தமாவு எல்லாம் தேய்த்துப் பார்த்தார். அவன் கத்தினானே ஒழிய வெளுக்கவில்லை.

குளிப்பாட்டி முடித்ததும் கண்ணேறு படாமல் இருக்க அவன் கன்னத்தில் மையால் பொட்டு வைப்பார். வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். பொட்டு தெரியாது. இன்னும் பெரிதாக வைப்பார். அப்போதும் தெரியாது.

"விட்டுருங்கத்தே, இவனுக்கு எவ கண்ணு வைக்கப்போறா" என்றேன் ஒரு நாள்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், எம்பேரனுக்கு என்ன கொற?" என்று மையை வைத்துவிட்டு, சுண்ணாம்பு டப்பாவைத் தேடி எடுத்து, அதன் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி வைத்தார்.