தொய்வு விட்டுக் கட்டிய வேலி

கொழுந்தன் மூன்றாம் முறை கதவின் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வந்த காலையில் அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. உள்ளே வந்தவன் அவள் கையைப் பிடித்து இழுத்து நிலைமேல் வைத்து, கதவை ஓங்கிச் சாத்தினான்.

"வலை பின்னுற திமிர்தானேடி உனக்கு? இப்பப் பின்னு பாக்கலாம்."

ஊரில் அவளுக்கு ஊசி என்று பெயர். எந்நேரமும் கையில் வலை ஊசி இருந்ததால் பாதி, வாயும் அப்படியே குத்தும் என்பதால் பாதி. கிழிந்த வலை எதுவானாலும் அவள் வாசலுக்குத்தான் வரும். ஆறு வருடத்துக்கு முன் கடலுக்குப் போன படகு திரும்பி வந்தது, புருஷன் வரவில்லை. அன்றிலிருந்து அண்ணன் வீடு தனக்குத்தான் என்று அடுத்த வீட்டுக் கொழுந்தன் மல்லுக்கு நின்றான். முதலில் வசவு, பிறகு கல், பிறகு கை. காவல் நிலையத்தில் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள். குடும்பச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

விரலுக்குக் கட்டுப் போட்ட மறுநாள் சிமெண்டுத் தூண் வார்ப்பவரை வரச் சொன்னாள்.

"வீட்டைச் சுத்தி வேலி போடணும் தம்பி."

"போட்டுடலாம். கம்பிவலைதானே?"

"கம்பி இந்த உப்புக் காத்துக்கு ரெண்டு வருஷம் தாங்குமா?"

"தாங்காதுதான். அப்புறம் துருப்பிடிச்சுப் பொலபொலன்னு கொட்டிடும்."

"நீங்க தூணை மட்டும் நடுங்க. வலை என்கிட்ட இருக்கு."

தூண்காரர் சிரித்தார். "மீனுக்கா வேலி போடுறீங்க?"

"அதைவிடப் பெரிய ஜென்மத்துக்கு."

அவர் கயிறு பிடித்து நான்கு மூலையும் பார்த்தார். எட்டடிக்கு ஒரு தூண் என்று கணக்கு வந்தது. வெறும் மணலில் தூண் நிற்காது. இடுப்பளவு பள்ளம் தோண்டி, அடியில் கல் பரப்பி, தூணை இறக்கிக் கலவை ஊற்றினார். மேலே மணலைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கடப்பாரையின் மொட்டை முனையால் இடித்துக்கொண்டே இருந்தார். கடல் பக்கத்துத் தூண்களுக்கு இன்னும் ஒரு முழம் ஆழம். தெருவைப் பார்த்து ஒரு படல் கதவு. கொழுந்தன் தன் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். ஒவ்வொரு தூண் எழும்பும்போதும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். தூண்காரர் காதில் விழாதவர் போல இடித்தார்.

வலையை அவளே கட்டினாள். மீனவர்கள் கழித்துப்போட்ட தடித்த நைலான் வலை, இரண்டு அடுக்கு. கண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு கை தாராளமாக நுழையும். முறிந்த விரல்களை மடக்கிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் முடிச்சைப் பிடித்து, பத்து நாள் கட்டினாள். பழக்கதோஷம் கையை விடவில்லை. கடலில் இறக்கும் வலைக்கு எப்படிச் செய்வாளோ அப்படியே, பத்து முழ வலையை ஆறு முழக் கயிற்றில் சுருக்கித் தொங்கவிட்டாள்.

அவள் கடைசித் தூணுக்கு வந்தபோதுதான், கூலி பாக்கி வாங்க வந்த தூண்காரர் அதைக் கவனித்தார்.

"என்னக்கா இது, தொளதொளன்னு தொங்குது? வேலின்னா விறைப்பா நிக்க வேணாமா? இது பாவாடை காயப்போட்ட மாதிரி இருக்கு."

அவள் எட்டி நின்று பார்த்தாள். முகம் சுருங்கியது. "அட ஆமா. கை தன்னால இப்படியே கட்டிடுச்சு. தப்புதான். விரல் கூடட்டும், அவிழ்த்து இழுத்துக் கட்டுறேன்."

அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் கொழுந்தன் அரிவாளோடு வந்தான்.

"யார் இடத்துல யார்டி வேலி போடுறது?"

படல் பூட்டியிருந்தது. அவன் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பக்கமாக ஓடி வந்து வலையை எட்டி உதைத்தான். விறைப்பான வேலியாக இருந்திருந்தால் அவனைப் பின்னால் தள்ளியிருக்கும். இது உள்வாங்கியது. கால் முழங்கால்வரை கண்ணிக்குள் போனது. அரிவாளை வீசினான், அதன் மூக்கு அடுத்த அடுக்கில் கொக்கிபோல் மாட்டியது. வெறிகொண்டு இழுத்ததில் மல்லாந்து விழுந்தான். எழ முயன்று புரண்டான். புரளப் புரளத் தொய்வெல்லாம் அவன்மேல் வந்து சுற்றியது. இரண்டு இழைகள் கழுத்தில் விழுந்து இறுகின. வசவு நின்று, தொண்டையிலிருந்து கொரகொரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. குதிகால்கள் மணலை உதைத்துக் குழி பறித்தன.

ஊசி, வலை அறுக்கும் சிறு கத்தியோடு வெளியே வந்தாள். அடுத்த வீட்டிலிருந்து ஓரகத்தியும் ஓடி வந்தாள், ஒரு கண் வீங்கி மூடிக் கிடக்க. புருஷனைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"அறுக்காதீங்கக்கா."

அவன் முகம் கருநீலமாகிக்கொண்டிருந்தது. ஊசி நின்றாள். பத்து எண்ணும் நேரம் இருக்கும். குனிந்து கழுத்திலிருந்த இரண்டு இழைகளை மட்டும் அறுத்தாள்.

காற்றை உள்ளே இழுத்த முதல் வேகத்தில் அவன் அவள் மணிக்கட்டைக் கடித்தான். பல் சதைக்குள் இறங்கியது. அவள் கத்திப்பிடியால் அவன் மூக்கில் இரண்டு முறை குத்தினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது, வாய் விட்டது. பிறகு வலை ஊசியும் நூலும் எடுத்து வந்து ரத்தம் வழிய உட்கார்ந்து, அவன் கை வெளியே வரக்கூடிய கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிந்தாள். ஊரார் தகவல் சொல்லி நடுப்பகலில் காவலர்கள் ஜீப்பில் வந்தபோது அவனை வலையோடு சேர்த்துத்தான் தூக்க முடிந்தது.

மறுநாள் ஓரகத்தி படலுக்கு வெளியே நின்று கத்தினாள்.

"சொன்னேனே, அறுக்காதேன்னு சொன்னேனே! நீ நல்லவள்னு பேர் வாங்கிட்ட. பதினஞ்சு நாள்ல ஜெயில்லேந்து வந்துடுவான். வந்து யாரை அடிப்பான்? உன்னையா? உனக்கு வேலி இருக்கு!"

ஊசி படலைத் திறந்தாள்.

"துணிமணி எடுத்துட்டு வாடி."

பதினான்காம் நாளே அவன் வந்துவிட்டான். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தன் வீடு காலியாகக் கிடப்பதைப் பார்த்தான். புதிதாக ஒட்டுப் போட்ட வேலிக்கு ஆறடி தள்ளியே நின்று பெண்டாட்டியைப் பெயர் சொல்லி அழைத்தான். இரண்டு பெண்களும் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தியும் படல் பக்கம் நகரவில்லை. அவன் கல்லை எடுத்தான். முதல் கல் சுவரில் பட்டது. இரண்டாவது ஊசியின் புருவத்தைக் கிழித்தது.

காலடியில் உருண்டு கிடந்த அந்தக் கல்லை ஓரகத்தி எடுத்தாள். வேலிக்கு மேலாக வீசினாள். குறி தப்பியது. அவன் சிரித்தான்.

அவள் சுவரடியில் கிடந்த முதல் கல்லைத் தேடி எடுத்தாள்.