கேட்டையும் ஒன்றரை மணி நேரமும்

என் கொழுந்தனாருக்கு மனைவியாக வந்தவள் சீரோடு ஒரு தொலைநோக்கியும் கொண்டுவந்தாள். பீரோ, கட்டில், அண்டா எல்லாம் டெம்போவில் வந்தன. அந்த வெள்ளைக் குழாயை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சோமனூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மேலே அவர்கள். என் வீட்டுக்காரர் தறி ஓட்டினார். நான் எட்டாவது வரை படித்தவள். விளக்கேற்றாமல் காபி குடிக்க மாட்டேன், இன்றும் அப்படித்தான்.

அவள் பிறந்தது கேட்டை நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துப் பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒதுக்கிவிடுவார்கள். அண்ணன் என் வீட்டுக்காரர்தான். ஜாதகம் பார்த்த அன்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். "ஆகாதுங்கறது எனக்குத்தானே? நானே சொல்றேன், முடிச்சுப்போடுங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூன்று செவ்வாய்க்கிழமை மருதமலைக்கு நடந்து ஏறினேன்.

ஓர் ஆனி மாதம், டிபன் முடிந்து எட்டு மணி இருக்கும், எங்களை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள். தென்கிழக்கே கை நீட்டிக் காட்டினாள். வரிசையாக மூன்று நட்சத்திரம் தேளின் தலை. அதற்குக் கீழே செக்கச் செவேலென்று ஒன்று. அங்கிருந்து வளைந்து இறங்குவது வால். "அந்தச் செவப்புத்தானுங்க அக்கா கேட்டை. நான் பொறந்த அன்னிக்கி சந்திரன் அந்தப் பக்கமா போயிட்டிருந்துச்சு, அவ்வளவுதானுங்க." குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அப்போதும் புள்ளிதான். எவ்வளவு பெரிய குழாயில் பார்த்தாலும் புள்ளிதான் என்றாள், அத்தனை தூரமாம். நம் சூரியன் இருக்கிற இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் பூமியையே விழுங்கிவிடும் அளவுக்குப் பெரிதாம். இன்று நாம் பார்க்கிற வெளிச்சம் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் புறப்பட்டதாம். "அப்ப எனக்குக் கெடுதல் பண்றதுன்னா பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலயே கெளம்பியிருக்கோணுமே!" என்றார் இவர். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வால் பக்கத்தில் புகை போலத் தெரிந்ததையும் காட்டினாள். அது மேகமில்லை, சூரியனைப் போன்ற பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்டவை சேர்ந்த கூட்டம், நாமும் அதற்குள்தான் இருக்கிறோம், அதைப் போன்ற கூட்டங்கள் இன்னும் எண்ண முடியாத அளவு இருக்கின்றன என்றாள். முருகா, இத்தனையையும் நீ பார்த்துக்கொள்கிறாயா என்று என்னை அறியாமல் கும்பிட்டேன்.

மறு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுந்தனார் வெளியூர் போயிருந்தார், என் பையன்கள் இருவரும் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் நாலே முக்காலுக்கு இவர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்சாப்பல இருக்குது" என்றார். முகமெல்லாம் வேர்வை. சத்தம் கேட்டு மேலேயிருந்து ஓடிவந்தவள், "அக்கா, இது வாயு இல்லீங்க, நூத்தியெட்டுக்குக் கூப்பிடறேனுங்க" என்று போனை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிறன்று நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். அந்த நேரத்தில் வாசற்படி தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வர மாட்டார் என்று நம்பினேன். "ஆறாகட்டும் கண்ணு" என்றேன். இஞ்சிச் சாறு கொடுத்தேன், திருநீறு பூசினேன். அவள் கெஞ்சினாள். நான் விடவில்லை. ஆறு அடித்ததும் புறப்பட்டோம். வழியிலேயே தலை சாய்ந்துவிட்டது. "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாமுங்க" என்றார் டாக்டர்.

அதைக் கேட்டது நானும் அவளும் மட்டும். மறுநாள் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த வாசலில் நான் அவளைப் பார்த்து, "கேட்டைன்னு தெரிஞ்சேதான ஊட்டுக்குள்ள உட்டோம், எந்தாலிய அறுத்துப்போட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். என் மேல் விழ வேண்டியதை அவள் மேல் தள்ளிவிட்டேன். அழும்போதே அது எனக்குத் தெரியும். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் வாடகை வீடு பார்த்துக் குடிபோய்விட்டார்கள். என் பெரியவன் இந்த ஏழு வருஷமாகச் சித்தி வீட்டுப் படி ஏறவில்லை.

போன மாதம் நான் போனேன். "வாங்க அக்கா, உக்காருங்க" என்று காபி கொடுத்தாள். தலை பாதி நரைத்திருந்தது. குழாய் எங்கே கண்ணு என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாளாம். "கேட்டை தெரியற மாசம் வந்தா ஜன்னலைச் சாத்திக்கறேனுங்க. அது வெறும் நெருப்புன்னு பசங்களுக்கு நாந்தானுங்க பாடம் நடத்தறேன். ஆனா, மாமா போனது நெசந்தானுங்களே." படித்தவளையே என் வாய் அப்படி ஆக்கிவிட்டது. அன்றைக்கு ஏன் நீ சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அழுதுட்டிருந்தீங்க அக்கா" என்றாள்.

ராகு காலம் பொய் என்று எழுத எனக்குத் துணிவில்லை. ஆனால் உயிருக்குப் போராடுகிறவனைக் காக்க வைக்க எந்தச் சாமியும் சொல்லியிருக்காது. அது நான் செய்தது. நேற்று பையன்கள் இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே போனான் என்று தெரியவில்லை; சித்தி வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சின்னவன் அண்ணனின் தட்டை எடுத்து மூடி வைத்தான்.

"அப்பா ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"மணி ஆறாச்சான்னு கேட்டாரு சாமி. மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் இன்னும் இல்லீங்கன்னேன்."