லவோன் கழிக்காத முப்பத்தொன்று

எங்கள் வெஸ்லிங் ஊரில் இரண்டு பேரை ஏமாற்ற முடியாது என்பார்கள். ஒருவர் கடவுள், இன்னொருத்தி லவோன் கோஸ்ட்கா. கடவுளாவது மன்னிப்பார் என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

அவளுக்குத் தானியக் கிடங்கில் எடை போடும் வேலை. சோளத்தோடு லாரி வரும்போது ஒரு எடை, காலியாகத் திரும்பும்போது ஒரு எடை, கழித்துச் சீட்டு. உள்ளே வரும்போது வண்டியில் உட்கார்ந்திருந்த டிரைவர் காலி எடையின்போது இறங்கி நின்றால் விடமாட்டாள், அவன் எடையும் சோளக் கணக்கில் சேர்ந்துவிடும். சொந்தத் தம்பியையே திரும்ப லாரியில் ஏறச் சொல்லி எடை போட்டவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு அவள்தான் ஆட்டக் கணக்கு எழுதுவாள். ஐம்பத்தேழில் தொடங்கி முப்பத்தொரு வருஷம், ஒரு ஆட்டமும் விடவில்லை. நான் ஆடுவதை நிறுத்திய பிறகு ஒலிபெருக்கி என் கைக்கு வந்ததால் அவள் பக்கத்து நாற்காலி எனக்கு.

பேஸ்பாலில் மட்டையாளனின் மரியாதை அவன் சராசரியில் இருக்கிறது. எத்தனை முறை மட்டை பிடித்தான், அதில் எத்தனை சுத்த அடி, வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆயிரத்துக்கு முந்நூறு வந்தால் பெரிய ஆள். அதாவது பத்தில் ஏழு முறை கோட்டைவிடுகிறவன்தான் எங்களுக்கு வீரன். பந்து வீசுகிறவன் தடுமாறி இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பினால் அது ஒரு முறை என்றே எண்ணப்படாது. பந்தைத் தடுக்கிறவன் கோட்டைவிட்டதால் தப்பித்தால் முறை உண்டு, அடி இல்லை. சுத்த அடியா, அவன் தவறவிட்டதா என்று தீர்ப்புச் சொல்வது கணக்கு எழுதுகிறவர். எங்கள் ஊரில் லவோன்.

எங்கள் மைதானத்து மரவேலியில், மொத்தச் சராசரி முந்நூற்றுக்குக் குறையாமல் ஆடி ஓய்ந்தவர்களின் பெயரையும் எண்ணையும் வெள்ளைப் பெயின்டில் எழுதுவோம். ஆர்லன் ரட், 301 என்று என் பெயரும் அங்கே இருக்கிறது. லவோனின் புருஷன் மைலோ பெயர் இல்லை.

மைலோ என்னைவிட நல்ல ஆட்டக்காரன், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மூன்றாம் தளத்தில் நம் ஆள் நின்றால் மைலோ பந்தை வானத்துக்குத் தூக்கிவிடுவான். தூரத்தில் நிற்பவன் அதைப் பிடிப்பான், மைலோ அவுட். அந்த நேரத்தில் நம் ஆள் வீட்டுத் தளத்துக்கு ஓடி வந்து ரன் எடுப்பான். தியாக அடி என்று இதற்குப் பெயர். அதற்கும் லவோன் ஒரு முறை என்று எழுதுவாள். அடி இல்லாத முறை, சராசரி இறங்கும். மைலோ அதைத் தெரிந்தே செய்கிறான் என்று ஊருக்கே தெரியும். அவனுக்குப் பீர் வாங்கிக் கொடுக்காதவர்கள் யாரும் இல்லை.

எழுபத்தேழு ஆகஸ்டில் அவனுடைய கடைசி ஆட்டத்தின் கடைசி முறையில், ஒரு சுத்த அடி இருந்தால் முந்நூறு. தரையோடு போன பந்து, நடுவில் நின்றவன் கையில் பட்டு நழுவியது, மைலோ தளத்தைத் தொட்டுவிட்டான். எல்லோரும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தோம். லவோன் பென்சிலை நாக்கில் தொட்டுத் தவறவிட்ட பந்து என்று எழுதினாள். 1203 முறை, 360 அடி, 299.

ஒரு வாரம் மைலோ மாட்டுக்கொட்டகையில்தான் சாப்பிட்டான். அப்புறம் வீட்டுக்குள் வந்துவிட்டான், மைதானத்துக்கு மட்டும் பதினொரு வருஷம் வரவேயில்லை. புருஷனுக்கே விட்டுக்கொடுக்காதவள் என்று சுற்றுவட்டாரம் முழுக்க லவோனுக்குப் பெயர். அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு நிமிர்வு இருந்தது. எனக்கு அது பிடிக்காது.

எண்பத்தெட்டு ஜூலையில் மாவட்டப் போட்டிக்காக இரண்டு அணிகளின் கணக்கையும் ஒப்பிடச் சொன்னார்கள். எதிரணிக்கு எழுத டோரிஸ் எக்லண்ட் என்ற தபால்காரப் பெண் வந்திருந்தாள். எங்கள் மட்டையாளன் ஒருவனுக்கு லவோன் நான்கு முறை என்று எழுதியிருந்தாள், டோரிஸ் மூன்று. இடையில் ஒரு தியாக அடி.

டோரிஸ் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "அதை முறையா எண்ண மாட்டாங்களே, மிஸஸ் கோஸ்ட்கா."

லவோன் பாவம் பார்ப்பவள்போலச் சிரித்து, பையிலிருந்து செத்துப்போன அப்பாவின் விதிப்புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் புத்தகம், அவளுக்கு மனப்பாடம். டோரிஸ் தன்னுடையதை நீட்டினாள். ஐம்பத்து நான்கிலேயே விதி மாறிவிட்டது. லவோன் பென்சில் பிடித்து உட்கார்ந்த முதல் நாளிலிருந்து பழைய விதியில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களில் ஒருவனும் கேட்கவில்லை. லவோன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவ்வளவுதான்.

அவள் அந்த ஒரு பத்தியை நாலைந்து தடவை படித்தாள். நான் அடுத்த மட்டையாளன் பெயரை அறிவிக்க மறந்துபோனேன். கூட்டம் கத்தியது.

அன்று சாயங்காலமும் அடுத்த இரண்டு சாயங்காலமும் அவள் சமையலறை மேசையில் மைலோ ஆடிய வருஷங்களின் கணக்குப் புத்தகங்களை விரித்தோம். நான் வாசிக்க அவள் கோடு போட்டாள். மைலோவின் தியாக அடிகள் முப்பத்தொன்று. கழித்தால் 1172 முறை. அதே 360 அடி. முந்நூற்றேழு. கடைசி நாள் பந்து தேவையே இல்லை. அதற்கு மூன்று வருஷம் முன்பே அவன் முந்நூறைத் தாண்டியிருந்தான். என்னுடையதையும் பார்த்தோம், 304 ஆனது. அரை நிமிஷம் சந்தோஷப்பட்டேன், வெட்கமில்லாமல்.

"காலி லாரியைக் கழிக்காமலே இத்தனை வருஷம் சீட்டு கொடுத்திருக்கேன், ஆர்லன்," என்றாள்.

நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். டோரிஸ் யாரிடமும் சொல்ல மாட்டாள், மைலோ மறந்திருப்பான், இந்த வயதில் எதற்கு என்றேன். அவள் கேட்கவில்லை. சாட்சிக்கு வா என்று என்னையும் கொட்டகைக்கு இழுத்துப் போனாள்.

பால் கறக்கும் நேரம். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சுற்றிவளைக்காமல் விதி, வருஷம், முப்பத்தொன்று, முந்நூற்றேழு எல்லாவற்றையும் சொன்னாள். வேலியில் உன் பெயரை எழுதிவிடலாம், தப்பு என்னுடையது என்றாள். மைலோ குதிப்பான், திட்டுவான் என்று நான் கதவோரம் நின்றேன். அவன் மிஷினை நிறுத்தினான்.

"ஒவ்வொரு தடவையும் எண் இறங்கும்னு தெரிஞ்சேதான் தூக்கி அடிச்சேன்," என்றான். "இந்த ஊருக்கு நான் கொடுத்தது அது ஒண்ணுதான், லவோன். இப்ப வந்து, நீ ஒண்ணுமே கொடுக்கலைன்னு சொல்ற."

பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், இருந்ததையும் பறித்துவிட்டாள். அப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பிறகு மைலோ கேட்டான். "அந்தக் கடைசிப் பந்து?"

அடிதான் என்று சொல்லிவிடு, தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஊரில் இனி அவள் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது, இதையும் கொடுத்துவிட்டால் என்ன?

"அவன் தவறவிட்டதுதான், மைலோ. இன்னிக்கு நடந்தாலும் அப்படித்தான் எழுதுவேன்."

"தெரியும்," என்றான். "ஓடும்போதே பார்த்தேன். கைக்கு நேரா வந்த பந்து. நம்ம ஆர்லன்கூடப் பிடிச்சிருப்பான்."

லவோன் அவனையே பார்த்தாள். "தெரிஞ்சுமா பதினொரு வருஷம் அங்க வரலை?"

"ஒரே ஒரு தடவை எனக்காகப் பொய் எழுதுவியான்னு பார்த்தேன்."

கேட்டிருக்கலாமே என்றாள் அவள். கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதானே சொல்லியிருப்பாய் என்றான் அவன். அவள் யோசித்துப் பார்த்தாள். அப்போதும் அவளுக்குப் பொய் வரவில்லை.

"ஆமா," என்றாள்.

வேலியில் இன்று மைலோ கோஸ்ட்கா, 307 என்று இருக்கிறது. அடுத்த ஞாயிறு நான்தான் ஏணி வைத்து எழுதினேன், என் 301-ஐ அப்படியே விட்டுவிட்டேன். அவன் பார்க்க வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லவோன் வழக்கம்போல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். ஒரு தியாக அடி வந்தபோது பென்சில் வெகுநேரம் தாளைத் தொடாமல் நின்றது.