இடிசாமி ஜம்புநாதன்

ஜம்புநாதன் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது என்று அவன் மனைவி கனகவல்லி சொல்வாள். தக்கணத்தில் லாலாகுடா ரயில்வே பட்டறையில், கொல்லுலைப் பகுதியில் சம்மட்டி அடிக்கிற வேலை அவனுக்கு. நல்ல உயரம், அதற்கேற்ற தோள். குரலும் அப்படித்தான். ஆனால் அந்தக் குரலை யாரும் அதிகம் கேட்டதில்லை. தெருவில் நாய் குறுக்கே படுத்திருந்தால் அதை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போகிற ஆள்.

அவனுடைய அப்பா அய்யாக்கண்ணு வட ஆற்காட்டிலிருந்து ரயிலேறி வந்து, இதே உலையில் கொல்லராக இருந்தவர். பல வருஷம் அப்பாவும் மகனும் ஒரே பட்டடையில் வேலை பார்த்தார்கள். பழுத்த இரும்பை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, அப்பா சின்னச் சுத்தியால் ஓர் இடத்தில் தட்டுவார். அந்த இடத்தில் மகனுடைய சம்மட்டி வந்து விழும். மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி. இரும்பின் மேல் அவ்வளவு பேசிக்கொண்டவர்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கரிப்புகை நெஞ்சில் தங்கி, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தபோது அய்யாக்கண்ணு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

இது நடந்தது முப்பதுகளின் நடுவில். கிறிஸ்துமஸ் சமயத்தில் ரயில்வே காலனி கிளப்பில் ஒரு நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் அந்தப் பொறுப்பு ஃபோர்மன் துரையின் மனைவிக்கு வந்தது. அவள் நார்வே தேசத்தில் பிறந்தவள். காலனியில் இங்க்ரிட் அம்மா என்பார்கள். தன் நாட்டுப் பழைய தெய்வங்களின் கதையை நாடகமாகப் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதில் தோர் என்று ஒரு சாமி. கையில் சம்மட்டி, முகத்தில் சிவப்புத் தாடி. ஆட்டு வண்டியில் வந்து இடி இடிக்கிற சாமி. கிளப்பில் இருந்த துரைமார்கள் எல்லோரும் அந்த வேஷத்துக்கு ஒல்லி. தோட்டத்துக் கதவுக்குக் கீல் அடித்துத் தரச் சொல்லிப் பட்டறைக்கு வந்தவள், சம்மட்டியை ஓங்கி நின்ற ஜம்புநாதனைப் பார்த்தாள். கீல் மறந்துபோயிற்று.

அன்று சாயங்காலம் அவன் தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னான்.

“எந்த ஊர் சாமிடா அது?” என்றார் அய்யாக்கண்ணு.

“பனி பெய்யற ஊராம், நைனா. சம்மட்டி வெச்சிருக்குமாம். அதை வீசினா இடி இடிக்குமாம்.”

“சம்மட்டி வெச்சிருக்குதா?” கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ நம்மாளுதான். போய் ஆடு.”

வசனம் எதுவும் கிடையாது. வண்டியில் வந்து ஒரு தடவை கர்ஜிக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி இழுக்க இரண்டு கிடாக்களைத் திருமுல்கேரியிலிருந்து கௌஸ் பாய் ஓட்டிவந்தார். கன்டோன்மென்ட்டில் கறிக்கடை வைத்திருந்தவர். தமிழர்களோடு பழகிப் பழகி அரைத்தமிழ் பேசுவார். “ரெண்டும் பச்சப்புள்ளைங்க மாதிரி, ஜம்பு பாய். டரோ நக்கோ” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். சிவப்புச் சாயம் தோய்த்த சணலைத் தாடியாக ஒட்டினார்கள். ஒட்டுகிற பசையைத் தச்சுப் பகுதியிலிருந்து கொண்டுவந்தது வேதாசலம். ஜம்புநாதனோடு அதே உலையில் வேலை பார்க்கிறவன். நாடகத்தில் திரைக்குப் பின்னால் தகரத்தைத் தட்டி இடி உண்டாக்குவதும் அவன் வேலைதான்.

அய்யாக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, முன்வரிசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடம், “நம்ம பையன்தான் வரப் போறான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திரை விலகியது. வண்டியில் நின்றபடி ஜம்புநாதன் வந்தான். சம்மட்டியைத் தூக்கி ஒரு கர்ஜனை போட்டான். கூடம் அதிர்ந்தது. உற்சாகம் தாங்காமல் வேதாசலம் தகரத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தான். ஒத்திகையில் கேட்காத சத்தம் அது. கிடாக்கள் மிரண்டு, நேரே மேடை விளிம்பைத் தாண்டிக் குதித்தன. வண்டி பின்னாலேயே போயிற்று. சாமி அதன் அடியில் கிடந்தது.

அதையும் நாடகம் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்து ஓடியவர் அய்யாக்கண்ணு ஒருவர்தான். மூச்சிரைக்க வந்து, வண்டியைத் தூக்க முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் மற்றவர்களுக்கு விஷயம் புரிந்தது.

தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் காலுக்குச் சட்டம் கட்டி, பாதத்திலிருந்து கயிறு இழுத்து, கட்டிலின் கால்மாட்டில் எடை தொங்கவிட்டார்கள். பல வாரம் அசையக் கூடாது என்றார் டாக்டர். காலைக் கட்டியவர்களால் தாடியை மட்டும் எடுக்க முடியவில்லை. கம்பவுண்டர் சாரங்கபாணி ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துப் பார்த்தார், தோல்தான் வந்தது. “இது என்னப்பா பசை? எஞ்சினையே ஒட்டலாம் போலிருக்கே!” என்று விட்டுவிட்டார். வார்டில் சிவப்புத் தாடியோடு ஒரு சாமி படுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, காலனிப் பெண்டுபிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். இடிசாமி என்ற பேர் அப்போது வந்ததுதான். கௌஸ் பாய் வந்து கட்டில் பக்கத்தில் நின்று அழுதார். அவரைத் தேற்றுவதற்குள் ஜம்புநாதனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மத்தியானத்தில் அய்யாக்கண்ணு வருவார். வழியில் நாலைந்து இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்து சேருவார். கனகவல்லி கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பு தூக்குப் பாத்திரத்தில் இருக்கும். அவன் சாப்பிட்டு முடித்ததும், மடியிலிருந்து தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்து, அவன் கன்னத்தில் தடவி ஊறவிட்டு, தாடியை இழை இழையாகப் பிரித்தெடுப்பார். பழுத்த இரும்பைப் புரட்டின விரல்கள். காய்ப்பேறிக் கொம்பு மாதிரி இருக்கும். ஆனாலும் ஜம்புநாதனுக்கு வலித்ததில்லை.

“விடு நைனா. தானா போயிரும்.”

“சும்மா இருடா. அசையாத.”

தினமும் இதுதான் பேச்சு. ஒரு நாள் மட்டும் கிழவர் கை வேலையை நிறுத்தாமல், “நீ கத்தினியே, அது நல்லா இருந்துச்சு” என்றார்.

ஜம்புநாதன் அப்பாவைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவர் அவனைப் பாராட்டி அவன் கேட்டதில்லை.

“கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. பின்னால இருந்தவனைக் கேட்டுட்டேன்” என்று சேர்த்துக்கொண்டார்.

இடது கன்னம் முழுக்கச் சுத்தமானதும் சீசாவை மூடினார். “மீதி நாளைக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கனகவல்லி வந்தாள். கையில் தூக்குப் பாத்திரம் இல்லை. வார்டு வாசலில் அவளைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“தூக்கத்துலயே போயிட்டாருங்க. டீ போட்டுட்டு எழுப்பினேன். எழுந்திருக்கல” என்றாள்.

அவன் அழவில்லை. டாக்டரைக் கூப்பிடச் சொன்னான். தான் ஒரே பிள்ளை, சுடுகாட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றான்.

“எலும்பு இப்போதான் கூடிட்டு வருது. அசைஞ்சா கால் குட்டையாயிடும்” என்றார் டாக்டர்.

“ஆகட்டுங்க.”

“அப்புறம் சம்மட்டி தூக்க முடியாது.”

“எங்க அப்பாவைத் தூக்கத்தான் முடியல. கொள்ளியாவது வெக்கணும், டாக்டர்.”

அதற்குள் விஷயம் பட்டறைக்கு எட்டியிருந்தது. வேதாசலமும் உலை ஆட்களும் இரும்புக் கம்பிகளை வளைத்து, காலையும் எடையையும் ஆடாமல் தாங்குகிற மாதிரி ஒரு சட்டம் அடித்துக்கொண்டு வந்தார்கள். சூடு ஆறாத சட்டத்தை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்தார்கள். அதைக் கட்டிலோடு பிணைத்தார்கள். அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த டாக்டர், கடைசியில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடவே கிளம்பினார்.

முன்னால் அய்யாக்கண்ணுவின் பாடை போயிற்று. பின்னால் மகனுடைய கட்டில். இரண்டையும் உலை ஆட்களே தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் கயிற்றைப் பிடித்தபடி நடந்தார். வழியில் நின்ற ஜனங்களுக்கு இதில் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

சுடுகாட்டில் மழிக்க வந்த நாவிதர் அவன் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். இடது பக்கம் வெறும் கன்னம். வலது பக்கம் சிவப்புச் சணல். அவர் கத்தியை எடுத்ததும் ஜம்புநாதன் வலது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

“இது நைனா வேலை. இன்னிக்கு எடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு” என்றான்.

வேதாசலம் வந்து பக்கத்தில் குந்தி, அவன் கையைப் பிடித்து மெல்ல விலக்கினான். விலக்கிய கையை மழித்து முடிகிற வரைக்கும் விடவில்லை. பிறகு கட்டிலோடு அவனைத் தூக்கிக்கொண்டு சிதையைச் சுற்றி வந்தார்கள். நீர்க்குடம் அவன் தோளில் இருந்தது. படுத்த நிலையிலேயே கொள்ளி வைத்தான்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் அவன் யாரோடும் பேசவில்லை. சாப்பாடு வந்தபடியே திரும்பிப் போயிற்று. மத்தியானம் ஆனால் மட்டும் கண் வாசல் பக்கம் போகும். ‘ஆடு, வண்டி, நாடகம் எதுவும் இல்லாமல் இருந்திருந்தால் பக்கத்தில் இருந்திருப்பேனே’ என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கனகவல்லியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் இங்க்ரிட் அம்மா வந்தாள். அதற்கு முன்பே பல தடவை வந்து, பேச்சு வராமல் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனவள். அன்று ஜம்புநாதனே வாயைத் திறந்தான். இரண்டு பேருக்கும் தெரிந்த தக்கணி உருதுதான் அவர்களுக்குள் பேச்சு.

“அந்தச் சாமிக்கு அப்பா உண்டா, மேம்சாப்?”

“உண்டு. ஒடின் என்று பேர். ஒரே கண். எல்லாம் தெரிந்தவர்.”

“அவர் என்ன ஆனார்?”

அவள் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். “கடைசி யுத்தத்தில் ஒரு பெரிய ஓநாய் அவரைக் கொன்றுவிட்டது என்பார்கள்.”

“மகன் எங்கே போனான்?”

“பக்கத்தில்தான் இருந்தான். ஆனால் அவன்மேல் ஒரு பாம்பு பாய்ந்து வந்தது. உலகத்தையே சுற்றிக் கிடக்கிற பாம்பு. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவனால் அப்பாவிடம் போக முடியவில்லை.”

ஜம்புநாதன் கால்மாட்டில் தொங்கிய எடையைப் பார்த்தான்.

“அவ்வளவு பலம் இருந்தும் முடியல” என்றான்.

“ஹவ், ஆமாம்” என்றாள் அவள். “முடியவில்லை.”

அன்று சாயங்காலம் கனகவல்லி கொண்டுவந்த சோற்றைப் பாதிக்கு மேல் சாப்பிட்டான்.

டாக்டர் சொன்னபடியே கால் குட்டையாகத்தான் கூடியது. பட்டறையில் அவனைக் கருவிகள் கொடுத்து வாங்குகிற அறையில் உட்காரவைத்தார்கள். ஆரம்பத்தில் உலைச் சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து நிற்பான். போகப்போக அந்த அறை அவனுக்குப் பழகிவிட்டது. ஸ்பானர் வாங்க வருகிற ஆளிடம் அவன் வீட்டு நிலவரத்தையும் விசாரிக்காமல் அனுப்ப மாட்டான். பேசவே பேசாத மனுஷன் எப்படி இப்படி ஆனான் என்று வேதாசலத்துக்கே ஆச்சரியம்.

வருஷ திதி வந்தது. ஏரிக்கரை வரைக்கும் நடந்தே வருவேன் என்றான். கனகவல்லி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

“ஜட்கா பிடிக்கலாங்க.”

“நக்கோ. நடந்தே போவோம்.”

இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து போய்ச் சேர்ந்தான். ஐயர் தர்ப்பையைக் கொடுத்துவிட்டு, “தகப்பனார் பேர்?” என்று கேட்டார். பெற்ற அப்பாவின் பேரை அவன் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. சுடுகாட்டில்கூட வேதாசலம்தான் சொன்னான்.

“சொல்லுங்கோ.”

“அய்யாக்கண்ணு” என்றான்.

சொன்னதுதான் தாமதம், ஒரு வருஷமாக வராத அழுகை, கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி வந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கனகவல்லி அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது அவள் கேட்காமலே ஜட்காவைக் கூப்பிட்டாள். அவனும் மறுக்காமல் ஏறி, குட்டைக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போனதும் பேச ஆரம்பித்தான். சின்ன வயதில் ரயில் எஞ்சினுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பாய்லர் வாசலில் காட்டிய அப்பா. புதுச் சட்டையைக் கரியாக்கிக்கொண்டு வந்ததற்கு அம்மாவிடம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கின திட்டு.

கனகவல்லி இந்தக் கதையை மாமனார் வாயாலேயே கேட்டிருக்கிறாள். ஆனாலும் அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“அப்புறம்?” என்றாள்.